மூச்சு விடும் இடம்

நெல்லியடியில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தேன். முப்பது வருடமும் எனக்குக் கொமா போடத் தெரியாது. அவசரத்தில் ஒன்றிரண்டை விட்டுவிட்டேன் என்கிற கதையில்லை இது. எங்கே போடவேண்டும், எங்கே போடக்கூடாது, ஏன் என்று ஒரு பிள்ளை மறித்துக் கேட்டிருந்தால் சொல்வதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இருந்தது ஒரேயொரு வரி: "வாசிக்கும்போது எங்கே மூச்சு விடுகிறீர்களோ அங்கே கொமா." 1989 இல் கிடுகுக் கொட்டிலில் முதல் வகுப்பு எடுத்த அன்று அதைக் கரும்பலகையில் எழுதினேன். 2002 இல் ஏ-9 பாதை திறந்து, கடதாசி தாராளமாக வரத் தொடங்கியதும் அதையே முதல் விதியாகப் போட்டு நோட்ஸ் அடித்து விற்றேன். மஞ்சள் மட்டை, இருபத்தெட்டுப் பக்கம். கட்டுரைக்கும் கடிதத்துக்கும் தலா ஆறு பக்கம் ஒதுக்கியவன் கொமாவை ஐந்து வரியில் முடித்திருந்தேன். சுருங்கச் சொல்லும் திறமையால் அல்ல. ஆறாவது வரி எனக்குத் தெரியாது.

அந்த வரியை நான் கண்டுபிடிக்கவில்லை. எனக்குப் படிப்பித்த சேர் சொன்னது. அவருக்கு அவருடைய சேர் சொல்லியிருப்பார். நாங்கள் எழுபதுகளில் தமிழ் மொழிமூலம் படித்தவர்கள். ஆங்கிலம் என்பது நாற்பது நிமிடப் பாடம். எங்கள் அப்பப்பாமாரின் காலத்தில் ஆங்கிலம் தெரிந்தவனுக்கு மலாயாவில் ஸ்ரேசன் மாஸ்ரர் வேலை, கொழும்பில் கிளாக்கர் வேலை. 1956 இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபிறகு அந்த ஏணி சரிந்தது. ஏணி சரிந்தாலும் மரியாதை சரியவில்லை. ஆங்கிலம் தெரிந்தவன் படலையைத் திறக்கும்போதே உள்ளே கதிரை இழுபடும் சத்தம் கேட்கும். எனக்கும் இழுத்துப் போட்டார்கள். அந்தக் கதிரையில் இருந்துகொண்டு "இது எனக்குத் தெரியாது" என்று சொல்ல வாய் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் கொமாவை நாங்கள் அதிகமாகக் கண்டது கடிதத்தில்தான். விலாசத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு கொமா, கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி. வரிகள் படிக்கட்டுப் போலச் சரிந்து இறங்கவேண்டும். 'டியர் சேர்' என்றால் கொமா, 'யுவர்ஸ் ஃபெயித்ஃபுலி' என்றால் கொமா. ஒன்று குறைந்தால் அரைப் புள்ளி போய்விடும். ஆகவே கொமாவை நெற்றிப் பொட்டு மாதிரி ஓர் அலங்காரமாகத்தான் பழகினோம். அது வசனத்துக்குள் ஒரு வேலை செய்கிறது என்று யாரும் சொல்லவில்லை. நானும் என் பிள்ளைகளின் விலாசங்களில் இருந்து அரைப் புள்ளி அரைப் புள்ளியாக வெட்டியிருக்கிறேன். இப்போது வெளிநாட்டிலிருந்து வரும் கடிதங்களைப் பார்க்கிறேன். விலாசத்தில் ஒரு கொமாவும் இல்லை. எல்லா வரியும் இடது பக்கத்தில் நேராக நிற்கின்றன. நான் வெட்டிய புள்ளிகளை இனி யாரிடம் திருப்பிக் கொடுப்பது?

மூச்சு விதியை முட்டாள்தனம் என்று தள்ளவும் மாட்டேன். அது மிகப் பழைய விதி. கொமா என்ற கிரேக்கச் சொல்லுக்கு வெட்டிய துண்டு என்று பொருள். அலெக்சாந்திரியா நூலகத்தின் பொறுப்பாளராக இருந்த பைசாந்தியத்து அரிஸ்ரோபனிஸ், கிறிஸ்துவுக்கு முன்னரே, வாய்விட்டு வாசிப்பவர் எங்கே எவ்வளவு நிறுத்தவேண்டும் என்று காட்ட வரியின் மேலும் நடுவிலும் கீழுமாகப் புள்ளி வைத்தார். பதினைந்தாம் நூற்றாண்டின் முடிவில் வெனிஸ் நகரத்து அச்சகக்காரர் அல்டஸ் மனூற்றியஸ் இப்போதுள்ள வால் வைத்த உருவத்தைக் கொடுத்தார். அதற்குப் பிறகும் நெடுங்காலம் ஆங்கில இலக்கணக்காரர்கள் கொமாவுக்கு ஒன்று எண்ணு, அடுத்ததற்கு இரண்டு எண்ணு, அதற்கடுத்ததற்கு மூன்று, முற்றுப்புள்ளிக்கு நாலு என்றுதான் படிப்பித்தார்கள்.

நாங்களும் அதைத்தான் வாங்கிக்கொண்டோம். எங்கள் பெயர்களிலேயே அது கிடக்கிறது. காற்புள்ளி, அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளி: கால், அரை, முக்கால், முழுசு. இலங்கைப் பாடப்புத்தகங்கள் காற்றரிப்பு, முற்றுத்தரிப்பு என்றும் சொல்லும். தரிப்பு என்றால் பஸ் தரிப்பிடத்தில் வருகிற அதே தரிப்புத்தான், வண்டி நின்று போகிற இடம். ஒரு மாத்திரை, இரண்டு மாத்திரை, மூன்று, நாலு என்று கணக்கும் சொல்லித்தந்தார்கள். மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம். ஓசையை அளக்க எங்களிடம் இருந்த கோலை எடுத்து நிறுத்தத்தையும் அளந்துவிட்டோம்.

ஓலைச் சுவடிக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று மெய்யெழுத்தின் புள்ளியையே விட்டவர்கள் கொமாவுக்கு எங்கே போவார்கள்? அச்சோடுதான் அது வந்தது. யாழ்ப்பாணத்தில் 1841 இல் தொடங்கிய உதயதாரகை தமிழும் ஆங்கிலமுமாக வந்த பத்திரிகை. பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பள்ளிக்கூடத்தில் படித்து, அங்கேயே படிப்பித்து, அவரோடு இருந்து வேதாகமத்தைத் தமிழாக்கிய ஆறுமுக நாவலர், பிறகு விலகிவந்து 1848 இல் வண்ணார்பண்ணையில் தன் சைவப் பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். அவர்களின் மதத்தை எடுக்கவில்லை, நிறுத்தக்குறிகளை விடவில்லை. தமிழ் உரைநடையில் அவற்றை ஒழுங்காக ஊன்றியவர்களில் அவர்தான் எங்கள் ஊர்க்காரருக்கு முதலில் ஞாபகம் வருகிறவர்.

ஆனால் ஆங்கிலம் அந்த இடத்தில் நிற்கவில்லை. வாய்விட்டு வாசிக்கும் வழக்கம் குறையக் குறைய, கொமா மூச்சை விட்டு வசனத்தின் கட்டுமானத்தோடு ஒட்டிக்கொண்டது. எது எதோடு சேரும், எது தனி, எது இல்லாவிட்டாலும் வசனம் நிற்கும் என்று காட்டுகிற வேலைக்குப் போய்விட்டது. அது போன செய்தி எனக்கு வரவில்லை. வந்திருக்கவேண்டும். யுத்தம், கடதாசி இல்லை, புத்தகம் இல்லை என்று சாட்டுச் சொல்லலாம். 1981 இல் எரித்த யாழ்ப்பாண நூலகத்தைக்கூடச் சாட்டாகச் சொல்லலாம். எங்களூரில் படிக்காமல் விட்டவன் எவனுக்கும் அது வசதியான சாட்டு. 2002 க்குப் பிறகு எல்லாப் புத்தகமும் கொழும்பிலிருந்து பஸ் ஏறி வந்தன. நான் ஒன்றையும் வாங்கவில்லை என்பதுதான் உண்மை. நோட்ஸ் நன்றாக விலைப்பட்டது.

மூச்சு விதியால் என்ன விளைந்தது என்பதற்கு என் மாணவரின் கொப்பிகளே சாட்சி. 'த ஸ்ரூடன்ற்ஸ் ஒஃப் அவர் வில்லேஜ், ஆர் வெரி புவர்.' இப்படி ஆயிரம் வசனம் திருத்தியிருப்பேன். அந்தக் கொமாவில் ஒருநாளும் என் சிவப்புப் பேனை படவில்லை. எங்கள் கிராமத்து மாணவர்கள் என்று நீளமாகச் சொல்லிவிட்டு ஒருவன் மூச்சு விடுவான்தானே, விட்டான், போட்டான். தமிழில் அப்படிப் போட்டால் குற்றமில்லை. ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் அதன் வினைக்கும் நடுவே ஒற்றைக் கொமாவை நிறுத்துவது கலியாண வீட்டில் மாப்பிள்ளைக்கும் பொம்பிளைக்கும் நடுவே பெரியப்பா போய் இருப்பது மாதிரி.

1993 ஆக இருக்கவேண்டும். குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாத வருடங்கள். பின்னேர வகுப்பு இருட்டும்வரை இழுத்தால் மேசையில் ஒரு ஜாம் போத்தல் விளக்கு எரியும். மண்ணெண்ணெய் விற்ற விலையில் போத்தலின் அடியில் விரல் அகலத்துக்குமேல் யாரும் விடமாட்டார்கள். அந்த வெளிச்சம் முன் வாங்கோடு சரி. பின் வாங்கிலிருந்து ஒரு பெடியன் எழும்பினான். ஒல்லி, நெஞ்சு கூடு தட்டியிருக்கும்.

"சேர், எனக்குத் தொய்வு. நான் நாலு சொல்லுக்கு ஒருக்கா மூச்சு விடுறனான். நான் எங்க கொமா போடுறது?"

வகுப்புச் சிரித்தது. அவன் பகிடிக்குக் கேட்கவில்லை. முதல்நாள் தந்த கட்டுரையில் அவன் செய்ததை நான் கண்டிருந்தேன்: 'மை ஃபாதர், இஸ் எ ஃபார்மர் ஹி, குறோஸ் அனியன்ஸ் அண்ட், சிலீஸ்.' வீட்டில் இருந்து வாய்விட்டு வாசித்து, தன் மூச்சைக் கவனித்து, நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறான். முப்பது வருடத்தில் என் விதியை முழு நேர்மையோடு சோதித்துப் பார்த்த ஒரே மாணவன். சோதித்ததில் விதி உடைந்துவிட்டது, வந்து சொல்கிறான்.

நான் சொன்ன பதில் இது: "நீ முற்றுப்புள்ளி வைக்கிற அண்டைக்குச் சொல்லியனுப்பு, எட்டுச்செலவுக்கு வாறம்."

கொட்டில் அதிரச் சிரித்தார்கள். தினமும் எங்கேயோ ஓர் எட்டுச்செலவு நடந்துகொண்டிருந்த காலம் அது. அவனும் சிரித்தபடி இருந்தான். அடுத்த வகுப்புக்கும் வந்தான், ஓ.எல். மட்டும் வந்தான். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வசனத்தின் கட்டைப் பார் தம்பி, உன்ர மூச்சைப் பார்க்காதே என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அந்த ஒரு வரி எனக்குத் தெரியாது. தெரியாதவன் கையில் வெண்கட்டியும் வாயில் பகிடியும் இருந்தால் அது நடக்கும்.

ரியூசனை விட்டபிறகு சந்தியடியில் மருமகன் நடத்தும் கொமினிக்கேசனில் ஒரு மூலை பிடித்தேன். போட்டோக் கொப்பி மெசின், ஒரு கொம்பியூற்றர், எனக்கொரு கதிரை. விசாவுக்குக் கடிதம், படிவம், பிறப்புச் சான்றிதழுக்கு ஆங்கிலம் என்று காலை எட்டரைக்கே சனம் வரும். இங்கேயும் கொமாவின் தொல்லை இருந்தது. வெளிநாட்டுப் படிவங்கள் குடும்பப் பெயர், கொமா, சொந்தப் பெயர் என்று கேட்கும். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பாவின் பெயரை அங்கே போடுவோம். அந்த ஒரு கொமாவோடு பெடியன் அங்கே போய் இறங்கியதும் எல்லோரும் அவனை அவனுடைய அப்பாவின் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். அவனும் திரும்பிப் பார்க்கப் பழகிவிடுவான்.

2023 இல் ஓர் அம்மா வந்தார். என்னைவிடப் பத்து வயது மூப்பு, அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மகனைப் பார்க்கக் கனடாவுக்குப் போக விசாவுக்குப் போடவேண்டும். குடும்ப விபரப் படிவத்தை நான்தான் நிரப்பினேன். பிள்ளைகள் எல்லோரின் பெயரும் எழுதவேண்டும். அவவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவரின் விலாசத்தைப் பேத்தி அனுப்பிய மெசேஜைப் பார்த்து எழுதினேன். இளையவரின் விலாசத்துக்கு வந்தபோது அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 2009 மே மாதத்துக்குப் பிறகு விலாசம் இல்லை. "இறந்தவர் எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ மாஸ்ரர்," என்றார். எழுதவில்லை. அந்தக் கட்டத்தில் காணாமற்போனவர் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். சரியாகத்தான் எழுதினேன், அங்கே கொமா தேவைப்படவில்லை.

பிறகு கடிதம். அக்கா சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "கனடாவில இருக்கிற என்ர மகன் எனக்கு ரிக்கற் எடுத்துத் தாறார்." என் ஆங்கிலம்: 'மை சண், ஹூ லிவ்ஸ் இன் கனடா, வில் பே ஃபோர் மை ரிக்கற்.' அடித்துவிட்டு வழக்கம்போல வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். 'மை சண்' என்றதும் ஒரு மூச்சு, 'கனடா' என்றதும் ஒரு மூச்சு. இரண்டு இடத்திலும் கொமா இருந்தது. திருப்தி. ஆயிரம் ரூபா வாங்கினேன்.

இரண்டு நாள் கழித்துப் பேத்தியிடமிருந்து வாட்ஸப். அங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிற பிள்ளை, தமிழும் எழுதும். "அங்கிள், கடிதம் பார்த்தனான். இதில அப்பம்மாவுக்கு ஒரு மகன்தான் எண்டு வருது. சித்தப்பா எங்க?"

எனக்கு விளங்கவில்லை. கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். ஒரு மகன் என்று எங்கேயும் எழுதவில்லையே. அவள் இரண்டு கொமாவையும் சிவப்பால் வட்டமிட்டுப் படம் அனுப்பினாள். அப்போதும் விளங்கவில்லை. விளங்காதபோது நான் முப்பது வருடமாகச் செய்துவந்ததைச் செய்தேன். "பிள்ளை, நீங்கள் அங்க படிக்கிறது அமெரிக்கன் ஸ்ரைல். இது பிரிட்டிஷ் ஸ்ரைல்."

"ஓகே அங்கிள்," என்று வந்தது. வேறொன்றும் இல்லை. ஏதாவது வாதாடியிருந்தால் நானும் வாதாடி அமர்ந்திருப்பேன். அந்த ஓகேயில் ஒரு பெரிய மனுசத்தனம் இருந்தது. தொய்வுக்காரப் பெடியனின் சிரிப்பிலும் அதுதான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இரவு பத்தரைக்கு விறாந்தையில் இருந்து கைத்தொலைபேசியில் தேடினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பிரிட்டிஷ், அமெரிக்கன் என்று வித்தியாசமே இல்லை. இரண்டிலும் ஒரே விதி. 'ஹூ' என்று தொடங்கும் அந்தத் துண்டு, எந்த மகன் என்று அடையாளம் காட்டுவதற்காக வந்தால் கொமா போடக்கூடாது. மகன் யார் என்று ஏற்கனவே தெரியும், இது மேலதிகத் தகவல் என்றால் இரண்டு பக்கமும் கொமா போட்டு அடைக்கவேண்டும். அடைத்தால் அந்தத் துண்டை எடுத்து வெளியே வைத்தாலும் வசனம் நிற்கும்: 'மை சண் வில் பே.' என் மகன் காசு கட்டுவான். எந்த மகன் என்ற கேள்விக்கே இடமில்லை, ஏனென்றால் இருப்பது ஒருவன். கொமா இல்லாமல் எழுதினால், என் மகன்மாரில் கனடாவில் இருக்கிறவன் என்று வரும். மற்றவனும் வசனத்துக்குள் இருப்பான், பெயர் சொல்லாமல்.

தமிழ் இதைக் கேட்பதில்லை. கனடாவில் இருக்கிற என் மகன் என்றால் ஒரு மகனாகவும் இருக்கலாம், நாலு பேரில் ஒருவனாகவும் இருக்கலாம். பெயரெச்சம் பெயருக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். எண்ணிக்கை கேட்கிறவனுக்குத் தெரியும், அல்லது தெரியாமலே போகும். அக்காவுக்குத் தன் வசனத்தில் இரண்டு பிள்ளையும் இருந்தார்கள். அதை ஆங்கிலமாக்குகிறவன் கையைக் கொமாவுக்குக் கொண்டுபோகும்போது நின்று எண்ணவேண்டும்: இந்த மனுசிக்கு எத்தனை மகன்? அரை மணித்தியாலத்துக்கு முன்னர்தான் படிவத்தில் இரண்டு பெயரையும் என் கையாலேயே எழுதியிருந்தேன். எண்ணவில்லை. மூச்சு விட்டேன்.

விசா அதிகாரி யாரும் அந்தக் கொமாவைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டிருக்க மாட்டார்தான். படிவம் இரண்டு மகன் என்கிறது, கடிதம் ஒன்று என்கிறது என்று கேட்டாலும் கேட்கலாம். என் பயம் அதுவாக இருக்கவில்லை. இறந்தவர் என்று எழுதவேண்டாம் என்று ஒரு தாய் கேட்டுக்கொண்டார். எழுதவில்லை என்று எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அடுத்த தாளில் அந்த மகனை இல்லாமலே ஆக்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகுதான் படித்தேன். அறுபத்திரண்டு வயதில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான இலக்கணப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கி, மருமகன் காணாதபடி பென்சிலால் செய்து, பார்த்துவிட்டு அழித்தேன். முதல் பயிற்சியில் இருபதுக்கு ஒன்பது. ஓ.எல். பிள்ளைக்கு நான் போட்டிருந்தால் பக்கத்தில் 'கெயார்லெஸ்' என்று எழுதியிருப்பேன்.

அதிகம் அடிவாங்கியது இரண்டு முழு வசனங்களை வெறும் கொமாவால் ஒட்டுவதில். 'த பஸ் வோஸ் லேற், ஐ மிஸ்ட் த எக்ஸாம்.' எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. பஸ் பிந்திவிட்டது, சோதினை போய்விட்டது; இதில் என்ன? ஆங்கிலம் விடாது. முற்றுப்புள்ளி வை, அல்லது 'சோ', 'அண்ட்' என்று ஓர் இணைப்புச் சொல்லைக் கொண்டுவா என்கிறது. ஏன் எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இதையே செய்கிறார்கள் என்று யோசித்தபோது எங்கள் பேச்சே நினைவுக்கு வந்தது. சந்தைக்குப் போய், மீன் வாங்கி, வந்து, கறி வைச்சு, சாப்பிட்டு, படுத்தன். வினையெச்சம் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு போகும். கடைசி வினை வரும்வரை வசனம் முடியாது. அரிசியும் பருப்பும் தேங்காயும் என்றால் 'உம்' பார்த்துக்கொள்ளும். ஒருவர் சொன்னதை 'எண்டு' வந்து மூடிவிடும். ஒட்டுகிற வேலை, அடுக்குகிற வேலை, மூடுகிற வேலை எல்லாவற்றையும் எங்கள் விகுதிகளே செய்துவிடுவதால் கொமா எங்களுக்கு உபரி. அவர்களிடம் அந்த விகுதிகள் இல்லை. பாவம், அந்தச் சின்னக் கீறின்மேல் இவ்வளவு பாரத்தையும் ஏற்றிவைத்திருக்கிறார்கள். இதை அந்தக் கொட்டிலில் சொல்லியிருந்தால் பின் வாங்குகூட எழும்பிக் கேட்டிருக்கும். எனக்கு அது அறுபத்திரண்டில் விளங்குகிறது.

தேடிக்கொண்டு போகும்போது கனடாவிலேயே நடந்த ஒரு வழக்கு அகப்பட்டது. றோஜேர்ஸ் என்ற கம்பனி அலியன்ற் என்ற கம்பனியின் கம்பங்களில் தன் கேபிள்களை இழுக்க ஒப்பந்தம் செய்திருந்தது. முதல் ஐந்து வருடத்துக்கு நிறுத்தமுடியாது என்று றோஜேர்ஸ் நினைத்திருந்தது. ஒரு வருட முன்னறிவித்தலோடு எப்போதும் நிறுத்தலாம் என்றது அலியன்ற். எல்லாம் ஒப்பந்தத்தில் இருந்த ஒரு கொமாவால். 2006 இல் அங்குள்ள ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கொமாவின் இடத்தைப் பார்த்து அலியன்ற் பக்கம் சொன்னது. சுமார் இருபது இலட்சம் கனேடிய டொலர் சம்பந்தப்பட்ட விடயம். அடுத்த வருடம் தீர்ப்பு மாறியது. அதே ஒப்பந்தத்துக்கு ஒரு பிரெஞ்சுப் பிரதி இருந்தது, அதில் இந்தச் சிக்கல் இல்லை, பிரெஞ்சைப் பார்த்து முடிவுசெய்தார்கள். வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அக்காவின் கடிதத்துக்குத் தமிழ்ப் பிரதி என்று ஒன்று இல்லை. அவ சொன்னது காற்றோடு போயிற்று. நான் அடித்தது மட்டும்தான் கடதாசி.

கடிதம் இன்னும் அனுப்பப்படவில்லை என்பது ஒரு நல்ல காலம். இரண்டு கொமாவையும் எடுத்துவிட்டு, புதுப் பிரதி அடித்து, அக்காவுக்குச் சொல்லியனுப்பினேன். வந்தார். குடையை மடக்கிக் கதிரையில் சாத்திவிட்டு, "என்ன மாஸ்ரர், பிழையோ?" என்றார்.

"சின்னத் திருத்தம் அக்கா."

"எங்க, காட்டுங்கோ பாப்பம்."

பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்தேன். பழையதில் இரண்டு இடத்தையும் பேனை முனையால் தொட்டுக் காட்டினேன். அக்கா மூக்குக்கண்ணாடியை உயர்த்திக்கொண்டு தாளுக்குக் கிட்டக் குனிந்தார்.

"உந்தச் சின்னக் கீறோ?"

"ஓம்."

"உது என்ன செய்தது?"

சொல்லியிருக்கலாம். உங்கட இளையவரை எடுத்துப்போட்டுது, நான்தான் எடுத்தனான் என்று சொல்லியிருக்கலாம். "ஒண்டும் செய்யேல்லை அக்கா. சும்மா வடிவுக்குப் போட்டது. இப்ப உப்பிடிப் போடுறேல்லையாம்," என்றேன். அக்கா புதிய தாளில் தமிழில் கையெழுத்து வைத்தார். பழைய தாளை நான் மடித்துக் கிழித்தேன். எவ்வளவு என்று கேட்டார். புதுப் பிரதிக்கு முந்நூறு என்றேன். சீலைத் தலைப்பு முடிச்சை அவிழ்த்து எண்ணித் தந்தார். வாங்கி லாச்சிக்குள் போட்டேன். பேத்தி அவவுக்குச் சொல்லியிருப்பாளோ என்று இன்றுவரை தெரியாது. விசா கிடைத்தது, போய்வந்தார். வரும்போது எனக்கு ஒரு பெட்டி சொக்கிளேற் கொண்டுவந்தார்.

இப்போது கடிதம் அடிக்கமுன் எல்லோரிடமும் எத்தனை பிள்ளைகள், எத்தனை சகோதரம் என்று கேட்கிறேன். மாஸ்ரர் கலியாணத் தரகு தொடங்கிவிட்டார் என்று மருமகன் பகிடி விடுகிறான்.

போன மாதம் மருமகன் யாழ்ப்பாணம் போயிருந்த நேரம் என்னிடம் படித்த பிள்ளை ஒருத்தி கடைக்கு வந்தாள். இப்போது பள்ளிக்கூடத்தில் ஆங்கில ரீச்சர். ஒரு தாளை நீட்டி, நாற்பது பிரதி வேண்டும் என்றாள். வாங்கிப் பார்த்தேன். புதிதாக ரைப் பண்ணி, மேலே ஒரு பேனைப் படமும் போட்டிருந்தாள். முதல் விதி, மூச்சு விடும் இடம். கீழே என் ஐந்து வரியும் எழுத்துப் பிசகாமல்.

"உங்கட நோட்ஸ்தான் சேர். இப்பவும் இதைத்தான் பிள்ளையளுக்குக் குடுக்கிறனான். அவைக்கு டக்கெண்டு விளங்குது."

மெசின் சூடாகக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்த நேரம் முழுக்க அவள் தன் பிள்ளைகளின் ரிசல்ற்ஸ் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தாள். தாள்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. நாற்பதையும் எண்ணி, சூட்டோடு மேசையில் தட்டி அடுக்கி, ஒரு ஃபைல் மட்டைக்குள் வைத்து அவளிடம் கொடுத்தேன். காசை நீட்டினாள்.

"வேண்டாம் பிள்ளை," என்றேன்.